சாச்சி நுழைந்த குசினிகள்

என் சாச்சி, அதாவது உம்மாவின் தங்கை, யார் வீட்டுக்குப் போனாலும் விறாந்தையில் உட்கார்ந்ததை நான் கண்டதே இல்லை. வாசலில் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று கேட்கும். பதில் ஸலாம் சொல்ல வீட்டுக்காரி வாயைத் திறப்பதற்குள் குசினியிலிருந்து அடுத்த சத்தம் வரும்.

"என்னகா, மீன் இவ்வளவு நேரமா வெளிய கிடக்கு? பூனைக்கா வாங்கின?"

கல்முனைக்குடியில் எங்கள் ஒழுங்கை கடற்கரையைப் பார்த்துப் போகும். அந்த ஒழுங்கையின் அத்தனை குசினியும் சாச்சிக்கு அத்துப்படி. யார் வீட்டில் கொத்தமல்லி எந்தப் போத்தலில், யார் வீட்டுத் துருவலைக்குக் கால் ஆடும், யார் வீட்டு அடுப்புக்கு ஊதினால்தான் மூளும், எல்லாம் தெரியும். உள்ளே போனதும் கையைக் கழுவுவார். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகுவார். மூடியைத் திறந்து சட்டிக்குள் பார்ப்பார். அதற்குப் பிறகு அவருக்கு யாரும் வேலை சொல்லத் தேவையில்லை. ஊர்க்கதை கதைத்துக்கொண்டே தேங்காய் துருவி, மீன் கழுவி, வெங்காயம் அரிந்து, அவர் எழும்பிப் போகும்போது அந்த வீட்டுப் பகல் சாப்பாடு ஆக்கி முடிந்திருக்கும். "இரிங்க, சாப்பிட்டுப் போகலாம்" என்றால் கோபம் வந்துவிடும்.

"நான் திங்கவா வந்தன்? கதைக்க வந்தன்."

காய்ச்சலில் படுத்திருந்தவள், பிள்ளை பெற்றவள், புருசனோடு சண்டை பிடித்துவிட்டு அடுப்பு மூட்டாமல் குந்தியிருந்தவள், இவர்களுக்கெல்லாம் சாச்சி வருவது பெருநாள். மற்றவர்களுக்கு அப்படியில்லை. தன் சட்டியைத் தானே திறக்க விரும்புகிற பெண்களும் உலகத்தில் இருக்கிறார்களே. அவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சாச்சிக்கு அது தெரியவே தெரியாது. "அவளுக்கு வெக்கம் எண்ட சாமானக் குடுக்க அல்லாஹ் மறந்துட்டான்" என்பார் என் உம்மா.

கடல் வந்து ஊரை அள்ளிக்கொண்டு போன பிறகுதான் சாச்சி இப்படி ஆனார் என்று சிலர் சொல்வார்கள். அவருடைய சொந்தக் குசினி அப்போது சுவரோடு போனது உண்மை. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த நாட்களில் வகுப்பறைக்குப் பின்னால் கல் வைத்து, பெரிய கிடாரத்தில் எல்லாருக்கும் சோறாக்கினார் என்பதும் உண்மை. அங்கே யார் குசினி, யார் அடுப்பு என்றெல்லாம் ஒன்றும் இருக்கவில்லை. அந்தப் பழக்கம் விடவில்லை என்பது அவர்களுடைய நியாயம். உம்மா இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். "சும்மா கதைக்காதீங்க. ஏழு வயசிலயே அடுத்தூட்டு அடுப்படியில நிண்டவள் அவள்."

சாச்சி இப்போது இல்லை. ஆனாலும் அவருடைய கதையை எடுத்தால் எங்கள் வீட்டில் யாரும் அழுவதில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்குவோம். ஒருவர் சொல்லி முடிக்க மற்றவர் விடமாட்டார்.

கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலில் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம். கண்ணாடிக் கூரை, தரையெல்லாம் கம்பளம், சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் மூன்று வகைக் கரண்டி. மாப்பிள்ளை வந்து இறங்கும் நேரம் பார்த்துச் சாச்சியைக் காணவில்லை. நாங்கள் தேடாத இடமில்லை. கடைசியில், பரிமாறுகிறவர்கள் வந்து போகிற ஆட்டக் கதவு திறந்தது. முதலில் ஒரு நீளமான வெள்ளைத் தொப்பி வெளியே வந்தது. அதற்குக் கீழே ஒரு பெரிய சமையல்காரர். அவருடைய முழங்கையைப் பிடித்தபடி சாச்சி.

"புள்ள, இஞ்ச வா! இவர் காலையில இருந்து ஒண்டும் திங்கல்லயாம். இவ்வளவு பேருக்கும் ஆக்கிப் போட்டுட்டு இவர் பட்டினி. இது நியாயமா?"

சமையல்காரர் சிங்களவர். சாச்சிக்குச் சிங்களத்தில் பத்துச் சொல் கூடத் தெரியாது. எப்படிக் கேட்டார், அவர் எப்படிச் சொன்னார் என்று இன்றுவரை எங்களுக்கு விளங்கவில்லை. எங்கள் மேசையில், என் பக்கத்துக் கதிரையில் அவரை இருத்தி, அவர் ஆக்கிய புரியாணியையே அவருக்குப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் சாச்சி மாப்பிள்ளை பார்க்கப் போனார்.

என்னுடைய மாப்பிள்ளையையும் அவர்தான் பார்த்தார். பார்த்தார் என்று சொல்வது சரியோ தெரியாது. சம்மாந்துறையில் அவர்கள் வீட்டுக்குப் பெரியவர்கள் போனார்கள். மற்றவர்கள் முன்னுக்கு இருந்து தொழில் என்ன, படிப்பு என்ன என்று விசாரிக்க, சாச்சி வழக்கம்போல உள்ளே போய்விட்டார். வீட்டுக்கு வந்ததும் நான் ஓடிப்போய், "சாச்சி, ஆள் எப்பிடி?" என்று கேட்டேன்.

"முகத்த வடிவாப் பாக்கல்ல, மகள். உம்மாக்காரி தேங்காய் துருவக் குந்தினா. அவன் வந்து துருவலைய எடுத்துப்போட்டு, உடைச்ச பாதியையும் கையில குடுத்துட்டுப் போனான். கேக்காமக் குடுத்தான். நீ ஓமெண்டு சொல்லு."

நான் ஓம் என்றேன். அந்த மனிதர் இன்றைக்கும் கேட்காமல் தேங்காய் உடைத்துத் தருகிறார்.

இப்படி யாருடைய குசினிக்குள்ளும் துணிந்து போன கால் ஒரு நாள் நின்றுபோனது.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்குப் போய்விடுவான். சாச்சியின் ஒரே மகன் ரிஸ்வானும் அப்படித்தான் மருதமுனைக்குப் போனான். மனைவி ஷிபானாவின் உம்மா, சாச்சிக்குச் சம்பந்தி. அவரும் லேசுப்பட்டவர் இல்லை. நல்ல உயரம், நிமிர்ந்த நடை, குசினியில் ஒரு கரண்டி இடம் மாறியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். கலியாணம் முடிந்து கொஞ்ச நாளில் அந்த வீட்டில் ஒரு பெரிய விருந்து. வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். சாச்சி பின்வாசலால் நேரே குசினிக்குள் போய், அடுப்பிலிருந்த இறைச்சிச் சட்டியைத் திறந்து, அகப்பையால் கிண்டி, "ஒள்ளுப்பம் தண்ணி ஊத்தினா நல்லம்" என்று சொல்லி ஊற்றியும் விட்டார்.

சம்பந்தி அகப்பையைப் பிடுங்கினார்.

"இது என்ட குசினி. கேக்காமக் கொள்ளாம வந்து போறதுக்கு இது பஸ் ஸ்டாண்டா?"

அவ்வளவு பேருக்கு நடுவில். நானும் அங்கேதான் நின்றேன். சாச்சி சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. இடுப்பில் செருகியிருந்த தலைப்பை மெதுவாக எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, வந்த வழியே போய்விட்டார்.

அதன்பிறகு இரண்டு வருசம் அவர் யாருடைய குசினிக்குள்ளும் போகவில்லை. மருதமுனைக்குள் மட்டுமில்லை, எங்கள் வீட்டுக்குள்ளும்தான். வந்தால் விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்து பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் போவார். உம்மா, "உள்ளுக்கு வாவன்டி" என்று கெஞ்சினால், "இல்ல, இஞ்சயே இரிக்கன்" என்பார். வெக்கம் இல்லாதவள் என்று ஏசிக்கொண்டிருந்த அதே உம்மா, அவர் போன பிறகு குசினிக்குள் நின்று அழுததை நான் பார்த்தேன். மகன் வீட்டில் சாச்சி தண்ணீர் கூடக் குடிப்பதில்லை. இரண்டு சம்பந்திகளும் ஒரு கலியாண வீட்டில் நேருக்கு நேர் கண்டால் ஒருவர் சுவரைப் பார்ப்பார், மற்றவர் கூரையைப் பார்ப்பார். நடுவில் ரிஸ்வான் மெலிந்துகொண்டு போனான்.

அவன்தான் ஒரு பயணத்துக்கு ஏற்பாடு செய்தான். உம்றாவுக்குப் போய்விட்டு, அப்படியே துருக்கியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிற குழுப் பயணம். ஒரு பஸ் நிறைய எங்கள் கரையோர ஊர் ஆட்கள். அவன், ஷிபானா, மாமியார், தன் உம்மா, உம்மாவுக்குத் துணையாக நான். மக்காவில் இருவரும் மனம் மாறிக் கதைத்துவிடுவார்கள் என்று நம்பியிருந்தான். அங்கே இருவரும் தனித்தனியாக அழுது துஆக் கேட்டார்களே தவிர, கதைக்கவில்லை. துருக்கியிலும் பஸ்ஸின் முன் இருக்கையில் ஒருவர், பின் இருக்கையில் ஒருவர்.

ஆனால் நாடு! அதைச் சொல்லாமல் விட முடியாது. நீலக் கல் பதித்த பள்ளிவாசல்கள், கல்லுக்குள் குடைந்த வீடுகள், தேன் ஒழுகும் இனிப்புக் கடைகள். ஒரு நாள் காலையில் மலைப் பாதையில் போய்க்கொண்டிருக்கும்போது ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வெள்ளையாக ஏதோ விழுந்தது. "பஞ்சு!" என்றார் ஒருவர். "பனி, பனி!" என்று கத்தினாள் ஷிபானா. பஸ் நின்றதோ இல்லையோ, ஆட்கள் பாய்ந்து இறங்கினார்கள். சாரமும் அதன் மேல் குளிர் ஜக்கெற்றும் போட்டிருந்த ஹாஜியார்மார் சின்னப் பிள்ளைகளைப் போலப் பனியை உருட்டி எறிந்தார்கள். ஒரு மாமி கொஞ்சத்தை அள்ளி வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "சீனி போட்டா ஐஸ்பழம்தான்" என்றார். சாச்சி முக்காட்டை விரித்துப் பிடித்து அதில் பனி விழுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு வருசத்துக்குப் பிறகு அந்த முகத்தில் பழைய சிரிப்பைப் பார்த்தேன்.

அந்த விளையாட்டில் நேரம் போனது தெரியவில்லை. பனி கூடிக்கொண்டே வந்தது. எங்களுக்குப் பகல் சாப்பாடு ஏற்பாடு செய்திருந்த இடத்துக்குப் போகும் பெருந்தெருவை மூடிவிட்டார்கள். சாரதி வேறு பாதையால் திருப்பினார். லுஹர் தொழுகை நேரம் எப்போதோ கடந்துவிட்டது. எல்லோரும் பசியில் சத்தமடங்கிப்போன நேரத்தில் ஒரு சின்ன ஊர் வந்தது. ஒரு பள்ளிவாசல், ஒரு மருந்துக் கடை, புகைபோக்கியில் புகை வருகிற ஒரு சாப்பாட்டுக் கடை. எங்கள் வழிகாட்டி தடித்த மீசை வைத்த துருக்கிக்காரர். எல்லோரும் அவரை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிட்டோம். ஆங்கிலத்தில், "இறங்குங்கள், பார்ப்போம்" என்றார்.

கடை என்றால் ஐந்தாறு மேசைதான். நடுவில் விறகு அடுப்பு ஒன்று எரிந்து இடம் முழுக்கக் கதகதப்பாக இருந்தது. நாங்கள் உள்ளே நுழைய நுழைய, குசினி வாசலில் நின்ற பெண்ணின் கண்கள் பெரிதாகிக்கொண்டே போயின. நாற்பது வயதிருக்கும். பூப்போட்ட துணியால் தலையை மூடியிருந்தார். வழிகாட்டி அவரோடு கதைத்துவிட்டு எங்களிடம் வந்தார். என்னோடுதான் ஆங்கிலத்தில் கதைப்பார், நான் மற்றவர்களுக்குச் சொல்வேன்.

"இந்தப் பெண் தனியாக இருக்கிறார். கணவர் சாமான் வாங்க வான் வண்டியில் போனவர், பனியில் அகப்பட்டுக்கொண்டார். ஊர்க்காரர் சாப்பிட்டுப் போய்விட்டார்கள், மிச்சம் பத்துப் பேருக்குக் கூடக் காணாது. நாங்கள் அடுத்த நகரத்துக்குப் போவோம்."

"எவ்வளவு நேரம்?"

"இரண்டு மணித்தியாலம். இந்தப் பனியில் கூடவும் ஆகலாம்."

எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். போவோம் என்றார் ஒருவர், முடியாது என்றார் இன்னொருவர், இருப்பதைப் பங்கு வைப்போம் என்றார் ஒரு ஹாஜியார். அந்தச் சந்தைச் சத்தத்துக்குள் சாச்சி என் கையைக் கிள்ளினார்.

"புள்ள, அவட கையப் பாரு."

மூலை மேசையில் சம்பந்தி தனியாக உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சீனி வருத்தம், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் இரத்தத்தில் சீனி இறங்கிவிடும். மேசையில் வைத்த கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு குளிரிலும் நெற்றியில் வேர்வை. கண் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. ரிஸ்வானும் ஷிபானாவும் வழிகாட்டியோடு வாதாடிக்கொண்டிருந்தார்கள், இதைக் காணவில்லை. மேசையில் உப்பும் மிளகாய்த் தூளும் மட்டும்தான். விசுக்கோத்துப் பைகளெல்லாம் பஸ்ஸில்.

சாச்சி எழும்பினார். நேரே குசினியை நோக்கி நடந்தார். நான் பின்னால் ஓடினேன். வாசலுக்கு வந்ததும், உள்ளே வைக்கத் தூக்கிய காலை அப்படியே நிறுத்திவிட்டார். அந்தக் கால் நிலைப்படிக்கு மேல் நின்றதை நான் மறக்கமாட்டேன். பிறகு காலைப் பின்னால் எடுத்து, கையால் தன் நெஞ்சைத் தொட்டு, உள்பக்கத்தைக் காட்டி, தலையைச் சாய்த்தார். வரட்டுமா?

என் வாழ்க்கையில் சாச்சி ஒரு குசினிக்குள் போக அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை.

உள்ளே அந்தப் பெண், பாதி காலியான சட்டிகளுக்கு முன்னால் அழுவதுபோல் நின்றிருந்தார். சாச்சியைப் பார்த்தார். "கெல், கெல்!" என்று சொல்லி மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தார். அதற்கு அர்த்தம் வா, வா என்பதுதான் என்று யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

சாச்சி தன் கையை நடுங்க வைத்துக் காட்டினார். நெற்றி வேர்வையைத் துடைத்துக் காட்டினார். விரலை நக்கிக் காட்டினார். அந்தப் பெண் ஒரு நொடிதான் யோசித்தார். இடுப்புச் சிறுத்த சின்னக் கண்ணாடிக் குவளையில் தேநீரை ஊற்றி, சீனிக் கட்டிகளை அள்ளிப் போட்டுக் கலக்கிக் கொடுத்தார். சாச்சி அதை ஊதி ஊதி ஆற்றிக்கொண்டே சம்பந்தியிடம் போனார். பக்கத்தில் குந்தி, ஒரு கையால் பிடரியைத் தாங்கி, குவளையை வாயில் வைத்தார்.

"குடிங்க."

சம்பந்தி முகத்தைத் திருப்பப் பார்த்தார்.

"கோவத்த மறுகாப் புடிங்க. இப்பக் குடிங்க."

குடித்தார். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். அதற்குள் ரிஸ்வான் கண்டுவிட்டு ஓடிவந்தான், ஷிபானா அழத் தொடங்கினாள். சாச்சி அவர்களைப் பார்க்கவேயில்லை. திரும்பிக் குசினிக்குள் போய் ஒரு கோப்பை பருப்புச் சூப்பும் பாணும் கொண்டுவந்து வைத்தார். சம்பந்தியின் கை நடுக்கம் மெல்ல மெல்ல நின்றது. முகத்தில் நிறம் வந்தது.

சாச்சி நிமிர்ந்து கூட்டத்தை ஒரு தரம் பார்த்தார். பசியில் வாடிப்போன கிழவர்கள், மடியில் தூங்கிய பிள்ளைகள்.

"மகள், அந்த மீசைக்காரக் காக்காக்குச் சொல்லு. ஒருத்தரும் ஒரு இடமும் போகல்ல. அவள்ட்ட அரிசி இரிக்கு, முட்டை இரிக்கு, தக்காளி இரிக்கு. நான் பாத்துட்டன்."

தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார்.

பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்கு வராது. எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. அந்தப் பெண் பெரிய சட்டியில் வெண்ணெய் போட்டார், சாச்சி வெங்காயம் அரிந்தார், நான் முட்டை உடைத்தேன். ஷிபானா கண்ணைத் துடைத்துக்கொண்டு கோப்பை கழுவினாள். ஹாஜியார்மார் விறகு தூக்கினார்கள். மீசைக்காரர் மேசைகளை ஒன்றாக இழுத்துப் போட்டார். தக்காளியும் முட்டையும் சேர்ந்து கொதிக்கும்போது சாச்சி கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். கல்முனையிலிருந்து கொண்டுவந்த மாசிக் கருவாட்டுச் சம்பல். போடட்டா என்று கண்ணால் கேட்டார். அந்தப் பெண் விரலால் தொட்டு வாயில் வைத்து, இருமி, கண்ணீர் வழியச் சிரித்து, மறுபடியும் தொட்டு வைத்துவிட்டு, போடு போடு என்று கையை ஆட்டினார்.

"அன்னே!" என்று சொல்லிச் சாச்சியின் தோளைத் தட்டினார்.

வாசலில் நின்ற மீசைக்காரரிடம் கேட்டேன். உம்மா என்று அர்த்தமாம்.

"அன்னையா!" என்று சாச்சி கூவினார். "நம்மட சொல்லுத்தானேகா அது! இவள் தமிழ்க்காரி!"

அப்போது வாசலில் ஒரு நிழல் விழுந்தது. சம்பந்தி. சுவரைப் பிடித்தபடி நின்றார். யாருடைய முகத்தையும் பார்க்காமல், "நான் உள்ளுக்கு வரட்டா?" என்று கேட்டார்.

வெங்காயம் அரிகிற சத்தம் நின்றது. சாச்சி திரும்பாமலே சொன்னார்.

"என்னட்டக் கேக்காதீங்க. ஊட்டுக்காரி அந்தா நிக்கிறா."

வீட்டுக்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் மொழி தெரியாது, கதையும் தெரியாது. சுவரில் தொங்கிய ஏப்ரனை எடுத்துச் சம்பந்தியின் கழுத்தில் மாட்டி, பின்பக்கம் முடிச்சும் போட்டுவிட்டார்.

"நீங்க குந்தித்தான் செய்யணும்" என்றார் சாச்சி, ஒரு முக்காலியைக் காலால் தள்ளியபடி. "மயங்கி விழுந்தா தூக்க எனக்கு ஏலாது. நீங்க நல்ல உசரம்."

சம்பந்தி குந்தினார். சோறு அவர் பொறுப்பில் போனது. அந்தப் பெண் வெண்ணெயில் சேமியாவைப் பொரித்து அரிசியோடு கொட்டியதைப் பார்த்துவிட்டு, "அல்லாஹ்வே, சோத்துக்குள்ள சேமியாவப் போடுறாளே!" என்று சம்பந்தி வாயைப் பொத்தினார். சாச்சி எட்டிப் பார்த்தார்.

"தண்ணி கூடிட்டு. களியாப் போகும்."

"எனக்குச் சோறாக்கத் தெரியாதா?"

"தெரியும். களியா ஆக்கத் தெரியும்."

"உங்கட வேலையப் பாருங்க. அங்க முட்ட அடிப்புடிக்குது!"

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அந்தத் துருக்கிக்காரப் பெண் இருவருக்கும் நடுவில் வந்து நின்று, ஆளுக்கொரு கையை முதுகில் வைத்துக் கலகலவென்று சிரித்தார். அந்த ஊரிலும் இப்படித்தான் சண்டை பிடிப்பார்கள் போலிருக்கிறது. சம்பந்திக்கு முதலில் உதடு துடித்தது. பிறகு அவரும் சிரித்துவிட்டார். சாச்சி அடிப்பிடித்த முட்டையைச் சுரண்டிக்கொண்டே தோள் குலுங்கச் சிரித்தார். சோறு களியாகவில்லை. முட்டை கொஞ்சம் கருகித்தான் போனது.

சாப்பாடு மேசைக்கு வந்தபோது கடை முழுக்க ஒரே ஆரவாரம். வெண்ணெய் மணக்கிற சோறு, அவித்த வெள்ளை அவரை, மாசி போட்ட தக்காளி முட்டை, அடுப்பில் சுட்ட பாண். "பிஸ்மில்லாஹ்" என்று ஒரு குரல், பிறகு யாரும் கதைக்கவில்லை. வழிகாட்டி இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டு மீசையைத் துடைத்தார். உறைப்பில் சாரதியின் மூக்கு சிவந்துபோனது. ஆனாலும் நிறுத்தவில்லை. வீட்டுக்காரியின் கணவர் பனி படிந்த தொப்பியோடு வந்து கதவைத் திறந்தவர், தன் கடை நிறைய ஆட்களையும் தன் குசினிக்குள் இரண்டு அன்னியப் பெண்களையும் கண்டு, தவறான வீட்டுக்கு வந்துவிட்டதுபோல ஒரு அடி பின்னால் வைத்தார். எல்லோரும் கைதட்டி அவரை உள்ளே கூப்பிட்டோம்.

எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஆக்கியவர்கள் சாப்பிடவில்லை என்பது தெரிந்தது. எனக்கும் ஷிபானாவுக்கும் கழுவிய இரண்டு கோப்பை கிடைத்தது. சாச்சி வழக்கம்போல, "எனக்கு வேணா" என்று தொடங்கினார். வீட்டுக்காரி விடவில்லை. தோளைப் பிடித்து அழுத்தி அடுப்புக்குப் பக்கத்தில் இருத்தினார். எதிரே சம்பந்தியை இருத்தினார். சுத்தமான கோப்பை ஒன்றும் மிச்சமில்லை. சுவரில் சாத்தியிருந்த பெரிய வட்டச் செம்புத் தட்டை எடுத்துத் துடைத்து, மிச்சச் சோறு முழுவதையும் அதில் கொட்டி, அவரையை ஊற்றி, கணவருக்கென்று மூடி வைத்திருந்த ஆட்டிறைச்சித் துண்டு ஒன்றையும் நடுவில் வைத்து, இருவருக்கும் இடையில் கொண்டுவந்து வைத்தார்.

எங்கள் ஊரில் கந்தூரியிலும் கலியாணத்திலும் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே சஹனில் கை வைத்துச் சாப்பிடுவோம். அந்தத் தட்டைப் பார்த்ததும் எல்லோருக்கும் அது சஹனாகத்தான் தெரிந்தது. ரிஸ்வான் கதவோரம் நின்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

கரண்டியை இருவரும் தொடவில்லை. சாச்சி கை கழுவிவிட்டு வந்து தன் பக்கத்துச் சோற்றில் கை வைத்தார். சம்பந்தியும் வைத்தார். கொஞ்ச நேரம் இருவரும் அவரவர் பக்கத்தையே பார்த்துச் சாப்பிட்டார்கள். பிறகு சம்பந்தியின் விரல் நடுவுக்குப் போனது. இறைச்சித் துண்டை மெதுவாகச் சாச்சி பக்கம் தள்ளியது. சாச்சி அதைத் திருப்பித் தள்ளினார்.

"நீங்க திண்ணுங்க. உங்களுக்குத்தான் சத்து வேணும்."

"எனக்குப் பல்லு ஏலாது."

"பஞ்சு மாதிரி இரிக்கு. திண்ணுங்க."

"நீங்க முதல் திண்ணுங்க."

வெளியே பனி நின்றுவிட்டது. சாரதி பஸ்ஸை உறுமவிட்டு ஹோன் அடித்தார். ஆட்கள் ஒவ்வொருவராக எழும்பினார்கள். மீசைக்காரர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, போகலாம், போகலாம் என்று ஆங்கிலத்தில் அவசரப்படுத்தினார். சாச்சி, பழக்க தோசத்தில், பாதிச் சோற்றோடு எழும்பப் பார்த்தார்.

சம்பந்தி சோறு ஒட்டிய கையாலேயே சாச்சியின் மணிக்கட்டைப் பிடித்து இருத்தினார். நிமிர்ந்து, அந்தத் துருக்கிக்காரரைப் பார்த்து, கடை முழுக்கக் கேட்கிற குரலில், சுத்தத் தமிழில் அதட்டினார்.

"அவசரப்படுத்தாதீங்க காக்கா! என்ட சம்பந்தி இன்னும் திண்டு முடியல்ல!"

மீசைக்காரருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.